பதினான்காம் கேள்வியும் முப்பத்திரண்டாவது பெண்ணும்

பயிற்சி வகுப்பில் பேச எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். சுவரில் படம் விழ வைப்பதற்கே பதின்மூன்று நிமிடம் போனது. என்னை அறிமுகப்படுத்த ஒருவர் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார்; அதிலும் என் ஊரைத் தப்பாகச் சொன்னார். மிச்சம் மூன்று நிமிடத்தில் இருபத்தாறு வருட வேலையைச் சொல்ல என்னால் முடியவில்லை. நீங்கள் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தீர்கள். பதினேழு பேர் கைதட்டினீர்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று மதியச் சாப்பாட்டில் மூன்று இனிப்பு வைத்தார்கள். ஆனால் சொல்ல வந்தது இரண்டு வாரமாகச் சொல்லாமலே கிடக்கிறது. ஆகவே எழுதி அனுப்புகிறேன்.

நம் வேலை என்னவென்று வெளியே சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். தெருவில் எனக்கு ‘ஆடிட்டர்’ என்று பெயர் விழுந்துவிட்டதால், வருடா வருடம் ஆறேழு பேர் வருமான வரிப் படிவத்தோடு வந்து கதவைத் தட்டுகிறார்கள். நாம் பார்ப்பது வேறு. வெளிநாட்டுக் கடையில் ஒரு சட்டை விற்கிறது. அதற்குத் தையல் ஓர் ஊரில், துணி ஓர் ஊரில், நூல் ஓர் ஊரில். வழியில் எங்கேயாவது யாரையாவது அவர் விருப்பமில்லாமல் பிடித்து வைத்து வேலை வாங்குகிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்து, சட்டை வாங்குகிற கம்பெனிக்குச் சொல்வது நம் வேலை. பிடித்து வைப்பது என்றதும் நீங்கள் பூட்டைத் தேடுவீர்கள். நானும் தேடினேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்த பூட்டுகள் பெரும்பாலும் அரிசி வைக்கும் அறையில்தான் தொங்கின. ஆட்களைப் பூட்டுவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை நான் எப்படி ஆறு வருடம் கண்டுபிடிக்காமல் இருந்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் படிவத்தில் எண்பத்தேழு கேள்விகள். ஆங்கிலத்தில் வந்த அதைத் தமிழாக்கியவன் நான். எண்பத்தாறு கேள்விகளை நான்கு நாளில் முடித்தேன். பதினான்காம் கேள்வி மட்டும் ஒரு முழுநாள் வாங்கியது. தொழிலாளி வேலையை விட்டு விலகிப் போகச் சுதந்திரம் உள்ளவரா என்பது அதன் பொருள். எதிரே உட்காரப் போகிறவள் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை. அவளிடம் ‘நீ போகலாமா?’ என்று எப்படிக் கேட்பது? எங்கள் வீட்டில் பால் வாங்கக் கிளம்பினாலும் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால், திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சரியாகச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி படியிறங்க விடுவார்கள். துக்க வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவோம். இப்படி வளர்ந்தவன் என்ன எழுதுவான்? ‘நீங்கள் விரும்பினால் வீட்டுக்குப் போயிட்டு வரலாமா?’ என்று எழுதினேன். மரியாதையாக இருக்கிறது என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். அந்தப் படிவத்தை நாற்பத்து மூன்று ஆலைகளில் ஆறு வருடம் பயன்படுத்தினோம்.

அதில் ஒன்று, ஆற்றுக்குத் தெற்கே வாழைத் தோட்டங்களைத் தாண்டி இருந்த ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். உள்ளேயே பெண்கள் விடுதி. அறுபத்திரண்டு பேர். முதல் முறை போனபோது பன்னிரண்டு பேரிடம் பேசினேன். பதினான்காம் கேள்விக்குப் பன்னிரண்டு பேரும் “போயிட்டு வரலாம் சார்” என்றார்கள். வாசலில் வெளியே போகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைக் கேட்டு வாங்கி எண்ணினேன். எண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது. தீபாவளிக்கு வெளியே போனவர்கள் முப்பத்தொன்று. பொங்கலுக்கு முப்பத்தொன்று. நெல்லையப்பர் ஆனித் தேருக்கும் முப்பத்தொன்று. சரிபாதி! எனக்கு ஒரே சந்தோஷம். ‘விடுப்பு நியாயமாகப் பகிர்ந்து அளிக்கப்படுகிறது’ என்று அறிக்கையில் ஒரு பாராட்டு வேறு எழுதினேன். எண்ணுகிறவனுக்கு எண் அழகாக இருந்தால் போதும், ஏன் என்று கேட்கத் தோன்றாது. இந்த வாக்கியத்தை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மறுபடி போனேன். ஒரு திங்கட்கிழமை. எனக்கு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. ஒன்பதாவதாக வந்து உட்கார்ந்தவள் முத்துமாரி. பத்தொன்பது வயது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துக் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கியபோது இவர்களும் இறங்கி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாடகைக்கு வந்திருந்தார்கள். இவளும் அக்கா இசக்கியம்மாளும் ஒரே நாளில் இந்த ஆலையில் சேர்ந்தவர்கள். எல்லாக் கேள்விக்கும் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். சாப்பாடு எப்படி என்றதற்கு, “சாம்பாருல காயைத் தேடதுக்குள்ள ஷிப்டு வந்துரும் சார்” என்றாள். பதினான்காம் கேள்விக்கு வந்தேன்.

“வீட்டுக்குப் போயிட்டு வரலாமாம்மா?”

“போயிட்டு வரலாம் சார்.”

டிக் போட்டேன். அவள் எட்டி, பேனா போன இடத்தையே பார்த்தாள்.

“இதுக்கு டிக்கா சார்?”

“ஆமாம்மா.”

“சரி சார்” என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழுந்து போனாள். அந்தச் சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பன்னிரண்டாவது ஆளையும் முடித்துவிட்டு, பதினொன்றே முக்கால் மணி மாத்திரைக்காக வெளியே வண்டிக்கு வந்தேன். வண்டி ஓட்டுகிறவர் காதர், மேலப்பாளையத்துக்காரர். துபாயில் ஒன்பது வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, பதினோரு வருடமாக எனக்கு ஓட்டினார். நான் எண்ணுவதைக் கேலி செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. அன்று கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையோடு நின்றார்.

“அண்ணாச்சி, அங்கன வேப்பமரத்தடியில ஒரு அம்மா நிக்காக. எனக்குப் பத்திரிகை வச்சுட்டாக.”

“உமக்கா? தெரிஞ்சவங்களா?”

“இல்ல வே. வாசல்ல நிக்க ஆளுக்கெல்லாம் வைக்காக. வாச்மேனுக்கு வச்சாச்சு, டீக்கடைக்கு வச்சாச்சு. உள்ள இருக்க சின்ன மவளுக்குத்தான் வைக்க முடியலையாம்.”

அந்த அம்மாள் பேச்சியம்மாள், முத்துமாரியின் தாய். மூத்தவள் இசக்கிக்கு ஒன்பது நாளில் ஆழ்வார்திருநகரியில் கல்யாணம். காதர் டீயை ஆற்றியபடி கேட்டு வைத்திருந்ததைச் சொன்னார். கல்யாணம் ஆனால் இசக்கி வேலையை விட வேண்டும். அவளுக்குப் பதிலாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விடும்வரை தங்கையை வாசலைத் தாண்ட விட மாட்டார்களாம். பேச்சியம்மாளின் தங்கை மகள் கௌசல்யா பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் படிப்பை நிறுத்திக் கொண்டுவந்து விட்டால் முத்துமாரி கல்யாணத்துக்கு வரலாம். இல்லாவிட்டால் அக்கா கழுத்தில் தாலி ஏறும்போது தங்கை இங்கே பஞ்சுக்கு நடுவில் நிற்பாள்.

“இருக்காது வே” என்றேன். “நான் இப்பத்தான் அந்தப் பிள்ளைகிட்ட கேட்டேன். போயிட்டு வரலாம்னு சொன்னா.”

காதர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் அதிகம்.

“அண்ணாச்சி, போயிட்டு வரலாம்னா வரணும்லா. வராம போக முடியுமான்னு கேட்டீகளா?”

“அதை எப்படிவே ஒரு வயசுப் பிள்ளைகிட்ட கேக்கது?”

“துபாய்ல எங்க முதலாளி அரபாபும் அப்படித்தான். ‘போயிட்டு வா காதரு, உம்மாவைப் பாத்துட்டு வா’ன்னு கட்டிப் பிடிச்சு அனுப்புவாரு. தங்கமான மனுசன். என் தம்பி அவருகிட்டதான் வேலை பாத்தான். நான் திரும்பி வந்தாத்தான் அவன் பாஸ்போட்டு பீரோவை விட்டு வெளிய வரும்.”

மாத்திரையைப் போட மறந்துவிட்டேன். கையில் பிடித்திருந்தது வியர்வையில் கரைந்து உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று மண்டைக்குள் ஓடியது. நான் பாராட்டு எழுதிய எண்.

இப்போது கவனமாகப் படியுங்கள். நான் முதலில் செய்யப் போனது தப்பு. விறுவிறுவென்று உள்ளே போய், முத்துமாரியை மறுபடி கூப்பிடச் சொல்ல வாயைத் திறந்தேன். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் அக்கா கதவருகே நின்று, “யாரைக் கூப்பிடணும் சார்?” என்றார். அந்த நொடியில் நான் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், சாயங்காலத்துக்குள் அவள்தான் பேசினாள் என்று அறுபத்திரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். அவள் கல்யாணத்துக்குப் போவதும் அதோடு முடிந்திருக்கும். மனசு பதறும்போது முதலில் வாய்க்கு வரும் பெயர், நாம் காப்பாற்ற நினைக்கிற ஆளின் பெயர்தான். அதை விழுங்கப் பழகுங்கள். நான் விழுங்கிவிட்டு, “இன்னும் பன்னிரண்டு பேர். பட்டியல்ல ஒண்ணு விட்டு ஒண்ணு” என்றேன். “இன்னும் பன்னெண்டா!” என்று அவர் தலையில் கைவைத்தார். ஒவ்வொருவருக்கும் சரியாக ஒன்பது நிமிடம். யார் அதிகம் பேசினார்கள் என்று கடிகாரம்கூடச் சொல்லக்கூடாது.

முதலில் வந்த பெண்ணிடம் புதுக் கேள்வியைக் கேட்க மூன்று முறை தொண்டையைச் செருமினேன். “தண்ணி வேணுமா சார்?” என்றாள். ஒருவழியாகக் கேட்டேன்.

“வேலை வேண்டாம்னு சொல்லிட்டு, திரும்பி வராம, ஒரேயடியா போக முடியுமாம்மா?”

“என்ன சார் இப்படிக் கேக்கீக!” என்று பதறினாள். அப்புறம் குரலை இறக்கி, “எப்படி சார் போக? ஜோடி உள்ள இருக்காள்லா” என்றாள்.

ஜோடி. அந்த விடுதியின் பூட்டு அந்தச் சொல்தான். பெண்களை இரண்டிரண்டாகத்தான் சேர்ப்பார்கள். அக்கா தங்கை, ஒரே தெருக்காரர்கள், ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தி வெளியே போனால் மற்றவள் உள்ளே இருக்க வேண்டும். போனவள் வந்தால்தான் இருப்பவள் போகலாம். ஒரேயடியாகப் போக வேண்டுமென்றால் மாற்று ஆள் வேண்டும். யாரும் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தங்கச்சி மேல் இருக்கும் பாசத்தையே கதவாக மாட்டி வைத்திருந்தார்கள்.

நாலாவதாக வந்தவளுக்கு வாய்த்த ஜோடி, சொந்தக்காரர் கூட்டம் அதிகமுள்ளவள். “அவளுக்கு மாசம் மூணு வளைகாப்பு சார். நான் வெளிய போயி ஏழு மாசம் ஆவுது. மேக்குச் சுவத்துல எத்தனை செங்கல்னு எண்ணி வச்சிருக்கேன்.”

“எத்தனை?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பழக்கம்.

“ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு.”

வரும்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஏழு மாதம் எண்ணியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மாலை மூன்று மணிக்கு மேலாளர் அறைக்குப் போனேன். நல்ல மனிதர்தான். தட்டில் அல்வா வைத்தார். “விடுதிப் பிள்ளைங்க எல்லாம் நம்ம குடும்பம் மாதிரி சார்” என்றார். நான் வாசல் நோட்டை விரித்தேன்.

“தீபாவளிக்கு முப்பத்தொண்ணு, பொங்கலுக்கு முப்பத்தொண்ணு, தேருக்கு முப்பத்தொண்ணு. இந்த வருசமும் அதே மூணு தடவை, அதே எண்ணிக்கை. ஏன் சார், ஒரு தீபாவளிக்காவது முப்பத்திரண்டாவது பொண்ணுக்கு வீட்டுக்குப் போக ஆசை வரலையா?”

அவர் நோட்டைப் பார்த்தார். அல்வாவைப் பார்த்தார்.

“யார் சொன்னா சார்?”

“உங்க நோட்டு.”

“எந்தப் பிள்ளைன்னு தெரிஞ்சா நானே கூப்பிட்டு...”

“நோட்டுதான் சார் பேசுச்சு. அதைக் கூப்பிட்டு விசாரியுங்க.”

எண்ணிக்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள், ஆளை ஏற்றாதீர்கள். எண்ணைப் பழிவாங்க எந்த மேலாளராலும் முடியாது. அவர் அதற்குப் பிறகு நிஜமான பயத்தைச் சொன்னார். “வாசலைத் திறந்துவிட்டா எல்லாம் போயிரும் சார். மில்லு நின்னுரும்.” அது பொய்யில்லை, அவர் முகம் வெளுத்துவிட்டது. “திறந்தா போயிருவாங்கன்னு உங்களுக்கே தெரியுதுன்னா, இப்ப அவங்க இருக்கதுக்குப் பேரு என்ன சார்?” என்றேன். அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். அல்வா அப்படியே இருந்தது.

வண்டிக்கு வந்ததும் வாங்குகிற கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்துக்குப் பேசினேன். அங்கே இருந்த பெண் கெட்டிக்காரி, கோபக்காரி. கேட்டதும், “இன்றே ஆர்டரை நிறுத்துகிறோம்” என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். வேறோர் ஆலையில், வேறொரு குற்றத்துக்கு, என் அறிக்கையைப் பார்த்து ஆர்டரை நிறுத்தினார்கள். இரண்டே நாளில் விடுதியை மூடினார்கள். நாற்பத்தாறு பெண்களை ஒரு தரகர் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த வேன் எந்த ஊருக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு எண்ணிக்கை தெரிந்து இடம் தெரியாத ஒரே கணக்கு அது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் கோபம் இறங்கிய குரலில் கேட்டார்.

“என்ன செய்யலாம் என்கிறீர்கள்?”

“வாங்குங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசல் திறக்க வேண்டும் என்று இன்றே எழுத்தில் கொடுங்கள். திறக்காவிட்டால் அடுத்த ஆர்டர் இல்லை என்றும் எழுதுங்கள்.”

தொழிலாளர் துறைக்கும் நான் அன்றே எழுதினேன். அதை மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். அதில் ஒளிவுமறைவு வைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு பெண்களுக்கு விடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தால் அது மேலாளரின் கருணை ஆகியிருக்கும். அறுபத்திரண்டு பேருக்கும் வாசல் திறந்தால், அதில் இரண்டு பேர் கல்யாணத்துக்குப் போவார்கள். பேச்சியம்மாளிடம் காதர் போய், “அந்தப் பிளஸ் ஒன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதீக. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பைய இருங்க, இன்ஷா அல்லா” என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் இன்னும் பயந்திருப்பார்.

வியாழக்கிழமை மேலாளர் விடுதியில் ஒட்டப்போகும் அறிவிப்பை எனக்கு அனுப்பினார். முதல் வரியே ‘விடுதிப் பெண்கள் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்’. என் கேள்வி எனக்கே திரும்பி வந்திருந்தது. அதை அடித்துவிட்டு நான் எழுதிக் கொடுத்தது இது: ‘இந்த விடுதியில் தங்கி வேலை செய்கிறவர்கள் எப்போது வேண்டுமானாலும், தனியாகவோ சேர்ந்தோ, காரணம் சொல்லாமல் வெளியே போகலாம். திரும்பி வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். மாற்று ஆள் தேவையில்லை.’ இருபத்தொரு சொற்கள். அதற்கு அவர் ஒன்பது முறை போன் செய்தார். “‘வராததும்’ மட்டும் எடுத்துருவோமே சார், கேக்கவே ஒரு மாதிரி இருக்கு” என்றார். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. எடுக்கவில்லை.

ஞாயிறு ஆலைக்கு வார விடுமுறை. நானும் காதரும் ஒன்பது மணிக்கே வேப்பமரத்தடியில் போய் நின்றோம். பேச்சியம்மாள் எட்டு மணிக்கே வந்து நின்றிருந்தார். அறிவிப்பு சுவரில் இருந்தது. வாசல் திறந்திருந்தது. பெண்கள் வரத் தொடங்கினார்கள். நான் நோட்டில் கோடு போட்டேன். பத்து. பதினெட்டு. இருபத்தாறு. இசக்கி பையோடு வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். முப்பத்தொன்று.

அதோடு நின்றுவிட்டது.

மேலாளர் மாடி ஜன்னலில் நின்றார். மீதிப் பெண்கள் விடுதிப் படியில் நின்று வாசலையே பார்த்தார்கள். ஜோடிக்கு ஒருத்தி போயாயிற்று. பழகிய கணக்கு முடிந்துவிட்டது. முப்பத்திரண்டாவதாக யார் கால் வைப்பது? சுவரில் எழுதியதை யாரும் நம்பவில்லை. ஒரு நிமிடம் இல்லை, இரண்டு நிமிடம் இல்லை, இருபத்து மூன்று நிமிடம். நான் உள்ளே போய்க் கையைப் பிடித்து அழைத்து வரலாமா என்று துடித்தேன். “நில்லுங்க அண்ணாச்சி” என்று காதர் என் சட்டையைப் பிடித்தார். “நீங்க கூட்டிட்டு வந்தா அது வேற கணக்கு.”

அப்புறம் முத்துமாரி படியை விட்டு இறங்கினாள். தோளில் பை. வாசல் வரைக்கும் வந்தாள். வாச்மேன் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார்.

“ஏ பிள்ள, நில்லு. ஒன் ஜோடி வெளிய நிக்கால்லா.”

அவள் நின்றாள். உள்ளேயிருந்து வார்டன் அக்கா ஓடிவந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“கையை எடும் வே! போர்டுல போட்டிருக்குல்லா? எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாரும்!”

வாச்மேன் கையை எடுத்தார். வார்டன் அக்காவும் அந்த ஜோடிக் கணக்கில் எத்தனை வருடம் உள்ளே கிடந்தாரோ, நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவருக்கும் ஒன்பது நிமிடம் ஒதுக்கியிருக்க வேண்டும். நீங்கள் ஒதுக்குங்கள்.

முத்துமாரி வாசல் கோட்டில் நின்று திரும்பினாள்.

“அக்கா, போறேன்.”

“ஏளா! போயிட்டு வாரேன்னு சொல்லுளா!” வார்டன் அக்கா பதறிவிட்டார்.

“மாட்டேன்க்கா. போறேன்.”

அப்புறம் படியில் நின்றவர்களில் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு படி படியாக இறங்கி வந்தது. பின்னாலேயே பெண்கள் வந்தார்கள். செங்கல் எண்ணியவள் சுவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். “போறேன்க்கா”, “போறேன் தாத்தா” என்று வாச்மேனிடமும் சொல்லி, ஆளாளுக்கு அந்த அபசகுனத்தை வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். வாச்மேன் காதைப் பொத்திக்கொண்டார். அறுபத்திரண்டு.

திங்கள் மாலை மேலாளர் போன் செய்தார். குரலில் சின்னப் பிள்ளையின் ஆச்சரியம்.

“சார், ஐம்பத்து நாலு பேர் வந்துட்டாங்க! யாரும் கூப்பிடலை சார், அவங்களா வந்துட்டாங்க!”

“வேலை பிடிச்சவங்க வருவாங்க சார்” என்றேன். வராத எட்டுப் பேரில் இசக்கியும் முத்துமாரியும் உண்டு. ஆலை நிற்கவில்லை. நான்தான் அடுத்த மூன்று மாதம் நிற்காமல் ஓடினேன். நாற்பத்து மூன்று ஆலைகளுக்கும் என் தப்பை எழுதி, பதினான்காம் கேள்வியை மறுபடி கேட்க வைத்தேன். ஐந்து ஆலைகளில் பதில் மாறியது. அந்த ஐந்தும் என் டிக்குகள். உங்களுக்குத் தந்திருக்கும் படிவத்தில் கேள்வி ‘வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திரும்பி வராமல் போக முடியுமா?’ என்று முரட்டுத்தனமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதை யாரும் அழகுபடுத்தாதீர்கள்.

அந்தப் புதன்கிழமை கல்யாணத்துக்கு நானும் காதரும் போனோம். ஆற்றங்கரை மண்டபம். பந்தியில் ஒன்பது கூட்டு என்று சொல்லி எட்டுதான் வைத்தார்கள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. கௌசல்யா ரெட்டைச் சடை போட்டுச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுக்கு இயற்பியல் பரீட்சையாம், அதுதான் அவளுக்கு அன்றைய பெரிய கவலை. முத்துமாரி மணமேடைக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

“நில்லு, ஒண்ணு கேக்கணும்” என்றேன். “அன்னைக்கு டிக் போட்டதும் சிரிச்சியே, எதுக்கு?”

“நீங்க தப்பாக் கேட்டீக, நான் சரியாப் பதில் சொன்னேன். மார்க்கு உங்களுக்குப் போட்டுக்கிட்டீக. சிரிக்காம என்ன சார் செய்ய?”

காதர் விழுந்து விழுந்து சிரித்தார். வண்டியில் வீடு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவள் வாசல் வரைக்கும் வந்தாள்.

“சார், இப்ப நீங்க ‘போறேன்’னு சொல்லுங்க பாப்போம்.”

நான் அறுபத்தோரு வயதுக்காரன். இருபத்தாறு வருடம் மற்றவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டவன். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சண்டை போட்டிருந்தேன். வாயைத் திறந்தேன். கல்யாண வீடு, மஞ்சள் வாசனை, மேளச் சத்தம். வரவில்லை. மறுபடி முயன்றேன்.

“போயிட்டு வாரேம்மா.”

“பாத்தீகளா?” என்று அவள் கைகொட்டினாள். “சும்மா நிக்க உங்களுக்கே வரலை. உள்ள இருந்துக்கிட்டு எங்களுக்கு எப்படி சார் வரும்?”

நீங்கள் பதினெட்டுப் பேர். நாளைக் காலை வண்டியில் ஏறுமுன் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், யாருமில்லாத இடத்தில், சத்தமாக. எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. தினமும் காலையில் ஐந்து தடவை பழகுகிறேன். உள்ளேயிருந்து என் மனைவி ஐந்து தடவையும் தண்ணீரோடு வருகிறாள்.